பின்பக்கம் வெட்டிய சட்டைகள்

மகனின் அறைக் கதவு திறந்து கிடந்தது.

மாடிக் குளியலறைத் துண்டுகளை எடுக்க வந்த ரோண்டா, துணிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். மூன்று வருடமாக அந்தக் கதவு சாத்தித்தான் கிடக்கிறது. தட்டினால் உள்ளேயிருந்து "என்ன?" என்று ஒரு சொல் வரும், அதற்குமேல் வராது. பதினாறு வயதில் எல்லாப் பையன்களும் அப்படித்தான் என்று அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மற்றப் பெண்கள் சொல்வார்கள். இவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருவாள். இன்றைக்கு அந்தக் கதவு சுவரைத் தொடும் அளவுக்குத் திறக்கப்பட்டு, மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு தடித்த பாடப்புத்தகம் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது.

"ட்ரெவர்?"

அவன் ஏழே முக்காலுக்கே பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான் என்று தெரிந்தும் கூப்பிட்டாள். கீழ்த்தளத்தில் ஹீட்டர் உறுமிக்கொண்டு எழுந்து, தரையிலிருந்த கம்பித் துவாரங்கள் வழியாக வெந்த தூசியின் வாசனையை மேலே அனுப்பியது. சுவருக்குள் ஏதோ ஒரு குழாய் சூட்டில் விரிந்து டக் டக்கென்றது. வெளியே கூரை விளிம்பிலிருந்து நேற்றைய பனி உருகி, சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வீடு வீடாகத்தான் இருந்தது. டிசம்பர் முதல் வாரம், வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால்.

உள்ளே போனாள். படுக்கை விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. முதியோர் இல்லத்தில் ஒருவர் இறந்த பிறகு அடுத்தவருக்காகக் கட்டிலைத் தயார் செய்து வைப்பார்களே, அந்த மாதிரி. மேசைமேல் ஒன்றுமில்லை. வியர்த்த காலுறையும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் துப்பாக்கி எண்ணெயும் கலந்து எப்போதும் அந்த அறையில் தேங்கி நிற்கும் வாசனைகூட இல்லை. ஜன்னல் ஒரு சாண் உயர்த்தப்பட்டிருந்தது, அந்த இடைவெளி வழியாகப் பனியின் வெறும் இரும்பு வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி வெளியே பார்த்தபடி கிடந்தது.

அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. போன வருடம் முழுக்க இந்த வீட்டில் கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன, தட்டுகள் உடைந்தன, அப்பனும் மகனும் வெடித்துக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆலோசகரிடம் ஒரு முறை கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் அடுத்த தடவைக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள். புருஷன் டுவைன், "என் மகன் பைத்தியமில்லை, நாலு பேர் பேசறதுக்கு வழி பண்ணாதே" என்றான், அதோடு அது நின்றது. அப்புறம் செப்டம்பரில், பள்ளி திறந்த சில நாட்களில், பையன் சட்டென்று அடங்கிவிட்டான். தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டான். சட்டையைக் கால்சட்டைக்குள் ஒழுங்காகச் செருகிக்கொண்டு நடந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் போதகர் அவன் தோளைத் தட்டி, "இப்பத்தான் ஆம்பளையா ஆயிருக்கே" என்றார். ரோண்டா அன்றிரவு முழங்காலிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். வீடு அமைதியாகிவிட்டதே என்றுதான் அவளும் பார்த்தாள். எதனால் அமைதியாயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

கட்டிலின் காலடியில் ஒரு கூடை நிறையச் சட்டைகள். அவளுக்காகவே எடுத்து வைத்த மாதிரி. சரி, இன்றைக்கு மட்டும் அம்மா துவைக்கட்டும் என்று விட்டுப் போயிருக்கிறான் போல என்று நினைத்து, அதையும் தன் கூடையில் கவிழ்த்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

கீழ்த்தளத்தில் ஒற்றை பல்பு. சோப்புத் தூளும் ஈரச் சிமென்டும் கலந்த வாசனை. வாஷிங் மெஷினுக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருக்க, சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிப் பைகளைத் தடவிப் பார்த்து உள்ளே போட்டாள். மூன்றாவது சட்டையை உதறும்போது கை நின்றது. பின்பக்கம் குட்டையாக இருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டிய பாகம் இல்லை. கிழியவில்லை; கத்தரிக்கோலால் நேராக, பொறுமையாக வெட்டப்பட்டிருந்தது.

துப்பாக்கி துடைக்கத் துணி வெட்டியிருப்பான். அந்த ஊர் ஆண்கள் பழைய சட்டையை அதற்குத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆனால் இது பழைய சட்டை இல்லை. நீலக் கட்டம் போட்டது, அவளே செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது எடுத்துக் கொடுத்தது. எரிச்சலாக வந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் குட்டை. அடுத்தது. அதுவும். மெஷினுக்குள் போட்டவற்றையும் ஈரத்தோடு வெளியே இழுத்தாள். தண்ணீர் முழங்கையில் வழிந்து செருப்புக்குள் இறங்கியது. எல்லாமே குட்டை.

சட்டையை உள்ளே செருகிக்கொண்டு நடந்தானே, அது இதற்காகத்தான்.

அந்த மலைப்பக்கத்தில் மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை கிறிஸ்துமஸைவிட ஒரு படி மேல். பள்ளிக்கூடமே லீவு விடும். அன்றைக்குக் காட்டுக்குள் இருக்கும் வேட்டைக் குடிசைகளில் ஒரு பழக்கம் உண்டு: மானைக் குறிபார்த்துச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி, அதில் அவன் பெயரையும் தேதியையும் எழுதிக் குடிசைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். பெரிய பெரிய ஆட்களின் துண்டுகளெல்லாம் அங்கே பழுப்பேறித் தொங்கும். டுவைனின் துண்டு ஒன்று, அவன் அண்ணன் கிரெக்கின் துண்டு இரண்டு. அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். அது அவர்களுக்குள் ஒரு செல்லம்.

ட்ரெவருக்குப் பதின்மூன்று வயதில் முதல் வேட்டை. நாற்பதடி தூரத்தில் ஒரு பெண்மான் வந்து நின்று அவனைப் பார்த்தது. அவன் சுடவேயில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டு அழுதான். தவறவிட்டவனுக்குத்தான் வெட்டு, சுடாதவனுக்கு என்ன செய்வது என்று குடிசையில் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அப்புறம் பெரியப்பன் கிரெக் கத்தியை எடுத்தான், டுவைன் மகனின் கைகளைப் பிடித்துக்கொண்டான், பையன் உதறினான், கால்சட்டை நனைந்தது. கிரெக்கின் மகன் வெஸ்லி, ட்ரெவர் வயதுதான், எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தான். அன்று சாயங்காலத்துக்குள் அது பள்ளிக்கூடம் முழுக்கப் போய்விட்டது.

அன்றிலிருந்து அவன் பெயர் கந்தல். சாப்பாட்டுக் கூடத்தில் அவன் தட்டோடு நடந்து போனால் இரண்டு பக்கமும் காகிதக் கைக்குட்டையை ஆட்டுவார்கள். "ஏய் கந்தல், சுட்டியா, மூத்திரம் போனியா?" வாத்தியார்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ரோண்டாவும் அந்தப் படத்தைப் பார்த்தாள். கிரெக்கின் பெண்டாட்டி அனுப்பியிருந்தாள். பார்த்தபோது அவள் சமையலறையில் நின்றிருந்தாள், சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரிக்கிற இடத்தில் சிரிக்கிற சிரிப்பு. திரும்பினால் பையன் வாசலில் நிற்கிறான். "சும்மா விளையாட்டுக்குடா, பெரிசா எடுத்துக்காதே" என்றாள். அவன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

போன கிறிஸ்துமஸுக்கு டுவைன் அவனுக்குத் தொலைநோக்கி வைத்த புதுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தான். பையன் மறுபடி மனுஷனாகட்டும் என்றுதான். ரிப்பன் கட்டியது ரோண்டா.

வெட்டிய துண்டுகள் எங்கே?

ஈரக் கையோடு மாடியேறினாள். படிகள் ஒவ்வொன்றும் தன் தன் சத்தத்தைப் போட்டன. மேசை இழுப்பறையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. அங்கே பெருக்கித் துடைத்திருந்தான். சுவர் அலமாரியைத் திறந்தாள். வரிசையாகக் கோட்டுகள். இரண்டு கையாலும் விலக்கி உள்ளே தலையை நீட்டினாள். பூச்சி உருண்டை வாசனை. போன் வெளிச்சத்தை அடித்தாள்.

பின்சுவரில் துண்டுகள் தொங்கின.

பதினொன்று. ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆணி. கறுப்பு மையில் பெயர், அதன்கீழ் தேதி. குடிசைச் சுவரில் இருப்பது மாதிரியேதான். ஆனால் எதிலும் ட்ரெவர் என்ற பெயர் இல்லை.

வெஸ்லி, செப்டம்பர் 12. உடற்பயிற்சி வாத்தியார் ஹாலம், செப்டம்பர் 20. மறுபடி வெஸ்லி. ப்ரூக், அக்டோபர் 3. ப்ரூக் யார் என்று ரோண்டாவுக்குத் தெரியும். இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண், யாரையும் ஏறெடுத்துப் பார்க்காதவள், ட்ரெவருக்கு ஒரு கெடுதலும் செய்திருக்க மாட்டாள். அதற்கப்புறம் தெரியாத பெயர்கள். அதற்கும் அப்புறம் பெயர்களே இல்லை. "பச்சைக் கோட்டு, பஸ் அருகே." "யாரோ ஒருத்தன்." "யாரோ." எழுத்து மட்டும் துண்டுக்குத் துண்டு அழகாகிக்கொண்டே போயிருந்தது.

ஒன்றுமே புரியவில்லை அவளுக்கு. புரிந்துவிடக் கூடாது என்று இருந்தது. தலையை வெளியே எடுத்துத் திரும்பினாள். ஜன்னலும் நாற்காலியும் எதிரே இருந்தன. மெல்ல நடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் சட்டத்தின் அடிக்கட்டையில், பெயின்ட் தேய்ந்து, ஏதோ நீளமான கனமான பொருளை மறுபடி மறுபடி வைத்தெடுத்த வழவழப்பான பள்ளம் ஒன்று இருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் நேராகப் பள்ளிக்கூடம். பஸ் நிற்கும் வளைவு, கொடிக்கம்பம், முன்வாசல் கண்ணாடிக் கதவு. தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் பிள்ளைகளின் முகமே தெரியும்.

தவறவிட்டதற்குத்தான் துண்டு. ஒவ்வொரு துண்டும் ஒரு நாள். இங்கே உட்கார்ந்து ஒருத்தர் முகத்தைக் குறிக்குள் வைத்து, சுடாமல் இறக்கிய நாள். அன்றன்றைக்குத் தன் சட்டையைத் தானே வெட்டியிருக்கிறான்.

அலமாரிக்குத் திரும்பினாள். கடைசித் துண்டை அவள் இன்னும் படிக்கவில்லை. ஓரமாக, மூலையில் இருந்தது. கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும்.

அம்மா. நவம்பர் 24.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்து, பின்பக்கத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக இருந்தது. மாடி ஜன்னலில் ஏதோ மின்னியது. நிமிர்ந்து பார்த்தால் ட்ரெவர், கண்ணில் துப்பாக்கித் தொலைநோக்கி. வயலோரம் மான் வந்திருக்கும், பார்க்கிறான் என்று நினைத்தாள். அந்தப் பருவத்தில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கையிலிருந்த வாருகோலைத் தூக்கி அவனுக்கு ஆட்டினாள். அவன் வெகுநேரம் அசையவில்லை. பிறகு அவனும் கையை ஆட்டினான்.

பயம் வரவில்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. குளிரில் மரத்துப்போன விரல் எப்படித் தன்னுடையது இல்லாத மாதிரி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. கோட்டுகளை மறுபடி சரியாக இழுத்து மூடினாள். அலமாரியைச் சாத்தினாள். கீழே இறங்கி முன்னறைக்கு வந்தாள்.

கண்ணாடி வைத்த துப்பாக்கி அலமாரியில் ஓர் இடம் காலி.

மான் வேட்டை தொடங்கிய அந்த வாரத்தில் அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. கடைசி மணி அடித்ததும் பையன்கள் நேராகக் காட்டுக்குத்தான் போவார்கள். பள்ளி வளாகத்துக்குள் துப்பாக்கி கூடாது என்று சட்டம் இருப்பதால் வண்டியை ரோட்டுக்கு எதிர்ப்புறம், தீவனக் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போவார்கள். ஊரே பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும். காலையில் அவளே அவனுக்கு இரண்டு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். "குளிருதுடா, ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கோ" என்றாள். "சரிம்மா" என்று போட்டுக்கொண்டான்.

டுவைனைப் போனில் பிடித்தாள். அவன் கல்குவாரியில் இருந்தான். பின்னால் கல் அரைக்கும் சத்தம்.

"சொல்லு, சீக்கிரம்."

"டுவைன், பையன் அலமாரிக்குள்ள சட்டைத் துண்டு மாட்டி வச்சிருக்கான். குடிசையில மாட்டுற மாதிரி. பேரெல்லாம் எழுதி."

"என்ன பேரு?"

"வெஸ்லி பேரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பேரு."

அவன் சிரித்தான். "அடச்சே. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அவனுங்க இவனைக் கிண்டல் பண்ணானுங்க, இவன் அவனுங்களைக் கிண்டல் பண்றான். விடு."

"துப்பாக்கி இல்லை."

"மான் சீசன்ல துப்பாக்கி வீட்டுலயா இருக்கும்? உனக்கு என்ன ஆச்சு இன்னிக்கு?"

"பள்ளிக்கூடத்துக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லிட்டு? போலீஸ் வரும். நாலு வண்டி நிக்கும். எல்லார் முன்னாடியும் தரையில குப்புறப் படுக்க வச்சு விலங்கு மாட்டுவானுங்க. கொஞ்சம் கையை அசைச்சான்னா சுட்டுடுவானுங்க, ரோண்டா. ஒரு துண்டுத் துணிக்காகப் பெத்த பையனைச் சுட வைக்கப் போறியா? அவன் வாழ்க்கையே போச்சு அப்புறம்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கல் அரைத்துக்கொண்டே இருந்தது.

"என் பேரும் இருக்கு," என்றாள்.

"என்னது?"

"என் பேரு. அம்மான்னு."

அந்தப் பக்கம் கல் அரைக்கும் சத்தம் நின்றது. யாரோ மெஷினை நிறுத்தியிருந்தார்கள், அல்லது அவன் நகர்ந்து போயிருந்தான்.

"நான் வர்றேன்," என்றான். குரல் வேறாகியிருந்தது. "முக்கால் மணியில வந்துடுவேன். நான் போயி அவனைக் கூட்டிக்கிட்டு வர்றேன். நீ யாருக்கும் போன் பண்ணாதே. கேட்டுதா?"

"சரி."

அப்போது மணி ஒன்பது ஐம்பது. சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். காபி ஊற்றினாள், குடிக்கவில்லை. கீழே மெஷின் காலியாகவே சுழலத் தொடங்கி, உள்ளே ஏதோ ஒரு பொத்தான் இரும்பில் மோதி மோதிக் கிளிங் கிளிங்கென்றது. ஹீட்டர் நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டது என்று தெரிந்தது. குளிர்பெட்டியின் முனகல். சுவர்க் கடிகாரம். தகரத்தில் சொட்டும் தண்ணீர். அவற்றுக்கு நடுவில், தன் மனம் சொல்லிக்கொண்டே இருந்ததையும் அவள் கேட்டாள்: ஒருவேளை டுவைன் சொல்வதுதான் சரி. ஒருவேளை அவன் காட்டில் இருக்கிறான். பதினொரு தடவை இறக்கியவன் பன்னிரண்டாவது தடவையும் இறக்குவான்.

பத்து மணி. பத்து ஐந்து.

அறைக் கதவுக்கு ஏன் முட்டுக் கொடுத்து வைத்தான்?

பத்து பத்து. பார்க்கட்டும் என்றுதான். இனிமேல் மறைக்க வேண்டியதில்லை என்றுதான். அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் சுடும் என்று டுவைன் சொன்ன வார்த்தை காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாருடைய பிள்ளையோ, தன் பிள்ளையோ என்று அந்த மேசைமேல் அவள் மனசு தராசு வைத்துக்கொண்டிருந்தது. வெட்கக்கேடுதான். ஆனால் அதைத்தான் செய்தாள், முப்பத்தைந்து நிமிடம்.

பத்து இருபத்தைந்துக்குப் பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது ஜெனீன், பள்ளி எழுத்தர், கோயில் பாடகர் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள்.

"ஹலோ." கிசுகிசுப்பான குரல்.

"ஜெனீன், நான் ரோண்டா."

"ரோண்டாவா! ரகசியம் பேசறேன்னு நெனச்சுக்காதே கண்ணு. கதவடைப்புப் பயிற்சி நடக்குது, யாராவது துப்பாக்கியோட நுழைஞ்சா எப்படி ஒளியறதுன்னு. எல்லாக் கிளாஸையும் பூட்டி லைட்டை அணைச்சுட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் செவரோரமா மூச்சு விடாம உக்காந்திருக்கு. நானும் மேசைக்கு அடியில போகணுமாம். இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

"எப்ப முடியும்?"

"பத்தரைக்கு. மணி தானா அடிக்கும், தொறந்துக்குவாங்க. என்ன விஷயம்?"

"ட்ரெவர் கிளாஸ்ல இருக்கானா?"

"காலையிலேருந்தே வரலையே. நான் கண்டுக்கலை. இந்த வாரம் பாதிப் பசங்க காட்டுலதானே கிடக்கானுங்க. ஏன், எதாவது அவசரமா?"

வாக்கியம் தயாராக இருந்தது. மூன்றே சொல். நாக்குக்கு அடியில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்தாள்: தரை, விலங்கு, அசைந்த ஒரு கை.

"ஒண்ணுமில்லை," என்றாள் ரோண்டா. "சாப்பாட்டை மறந்து வச்சிட்டுப் போயிட்டான்."

சொல்லிவிட்டு எழுந்து சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். வயலில் பனி வெள்ளையாகப் படுத்திருந்தது. அதற்கு அப்பால் பள்ளிக்கூடம், வானம் மூடிய வெளிச்சத்தில், எல்லா ஜன்னலும் இருட்டாக. முன்வாசலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி.

"அட, பேரைச் சொன்னதும் வந்து நிக்கிறான் பாரு!" ஜெனீன் சிரித்தாள். "கண்ணாடியைத் தட்டுறான். பயிற்சி நேரத்துல யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா பாவம், வயித்துக்கு ஒண்ணுமில்லாம இந்தக் குளிர்ல எவ்வளவு நேரம் நிப்பான். நம்ம பிள்ளை. இரு, தொறந்து விட்டுட்டு வந்துடறேன்."

"ஜெனீன்…"

ரிசீவர் மேசைமேல் வைக்கப்படும் சத்தம்.

"ஜெனீன், தொறக்காதே. ஜெனீன்! தொறக்காதே! அவன்கிட்ட துப்பாக்கி இருக்கு!"

கத்தினாள். அந்த வாக்கியம் இப்போது வந்தது. முழுசாக, தெளிவாக வந்தது. மேசைமேல் கிடந்த ரிசீவருக்குள்ளிருந்து அது ஒரு வண்டு அளவு சத்தமாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. பூட்டு விடுபடும் கிர்ரென்ற ஓசை. காற்று உள்ளே நுழையும் சத்தம்.

வயலுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுப் புள்ளி மறைந்தது.

"வாடா, வா. உங்கம்மா லைன்லதான் இருக்கா. சாப்பாட்டை மறந்துட்டியாமே?" ஜெனீனின் குரல், தூரத்தில். பிறகு, கடிந்துகொள்கிற மாதிரி, ஆனால் கோபமில்லாமல்: "ஐயோ ட்ரெவர், இதையெல்லாம் வண்டியிலேயே வச்சிட்டு வரணும்டா. யாராவது பார்த்தா…"

ஒரு சத்தம். தடித்த புத்தகம் ஒன்று தரையில் பட்டையாக விழுந்த மாதிரி. போனில் கேட்டது. அரைக் கணம் கழித்து, அதே சத்தம் மெலிந்து, வயல் வழியாக வந்து ஜன்னல் கண்ணாடியில் பட்டது.

அப்புறம் ஒன்றுமில்லை.

காலடி. நிதானமாக.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

"அம்மா."

"ட்ரெவர்," என்றாள். "ட்ரெவர்."

"போனை வச்சிரும்மா." சாப்பாட்டு மேசையில் தண்ணீர் கேட்கிற மாதிரிக் குரல். கோபமில்லை. ஒன்றுமே இல்லை அதில். "நீ இதையெல்லாம் கேக்க வேணாம்."

அவள் வைத்துவிட்டாள்.

வைத்த கை போன்மேல் அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டும், மறுபடி எண்களை அழுத்த வேண்டும், மூன்றே மூன்று எண். கை வரவில்லை. மணி என்ன என்று பார்த்தாள். பத்து முப்பது.

வயலுக்கு அப்பால் பள்ளி மணி அடித்தது. நீளமாக, தினமும் அடிப்பது போல. இருட்டாக இருந்த ஜன்னல் வரிசையில் இடது ஓரத்து வகுப்பில் விளக்கு எரிந்தது. அடுத்ததில் எரிந்தது. அதற்கு அடுத்ததில். பயிற்சி முடிந்துவிட்டது, ஒவ்வொரு அறையாகப் பூட்டைத் திறக்கிறார்கள், பிள்ளைகள் உடம்பை முறித்துக்கொண்டு எழுந்து தாழ்வாரத்துக்கு வருகிறார்கள்.